டால்பின் எமுலேட்டரில் ஐஎஸ்ஓ, டபிள்யூபிஎஃப்எஸ், ஆர்விஇசட் எல்லாமே திறக்கிறது; எதை வைத்துக்கொள்வது?

#1 வட்டுப்பெட்டி

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருக்கும் நின்டெண்டோ கேம்க்யூப், வீ கன்சோல்களின் டிஸ்க்குகளைப் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ப் எடுத்து (அதாவது ஃபைலாக நகலெடுத்து) வைத்திருக்கிறேன். அந்தந்தக் காலத்தில் கையில் கிடைத்த டூலை வைத்து எடுத்ததால் ஃபோல்டர் ஒரே கதம்பம். சிலது ஐஎஸ்ஓ, சிலது ஜிசிஎம், சிலது ஜிசிஇசட். வீ கேம்களில் பாதி டபிள்யூபிஎஃப்எஸ். ஒன்றிரண்டு "என்கிட் ஐஎஸ்ஓ" என்று இரட்டை வால் (ஃபைல் எக்ஸ்டென்ஷன்) போட்டு நிற்கிறது. 7இசட் ஒன்றைத் தவிர எல்லாமே டால்பின் (இந்த கன்சோல் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர்) பட்டியலில் வருகிறது, ஓடவும் செய்கிறது.

ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே ஃபார்மட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறேன். எல்லாம் ஓடுகிறது என்றால் எதில் வைத்தாலும் ஒன்றுதானே? இருப்பதிலேயே சின்னதாக வருவதைத் தேர்ந்தெடுக்கலாமா?

#2 சும்மாவந்தவன்

ஓடுகிறதா? அப்புறம் என்ன, விளையாடுங்க ப்ரோ. ஃபார்மட் பார்த்து யாரும் பதக்கம் கொடுக்கப் போவதில்லை. :)

#3 பைட்பைத்தியம்

ஓடுவது வேறு, முழுசாக இருப்பது வேறு. டால்பின் ஒரு ஃபைலைத் திறக்கிறது என்றால், கேமுக்கு வேண்டிய டேட்டா அதில் இருக்கிறது என்றுதான் பொருள். டிஸ்க்கில் இருந்தது அத்தனையும் இருக்கிறது என்று பொருள் இல்லை.

முதலில் டிஸ்க்கைப் பார்ப்போம். கேம்க்யூப் டிஸ்க்கின் முழு இமேஜ் எப்போதும் 1,459,978,240 பைட். கேம் எவ்வளவு சின்னதானாலும் இதே அளவுதான். அனிமல் கிராஸிங் மாதிரி ஒரு கேமுக்கு உண்மையில் வேண்டியது சில பத்து எம்பிதான், ஆனால் ஐஎஸ்ஓவின் அளவு மாறாது. வீ என்றால் ஒற்றை லேயருக்கு 4,699,979,776 பைட், இரட்டை லேயருக்கு 8,511,160,320. சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் ப்ரால் இரட்டை லேயர்.

மிச்ச இடத்தில் என்ன இருக்கிறது? பூஜ்யம் இருந்திருந்தால் எந்த ஜிப்பும் அதை ஒரு நொடியில் அமுக்கிவிடும். நின்டெண்டோ அங்கே ஒரு கணக்கு வைத்து உருவாக்கிய போலி ரேண்டம் எண்களை நிரப்பியிருக்கிறது. நாம் அதை ஜங்க் டேட்டா என்கிறோம். பார்க்க முழுக்க ரேண்டமாக இருப்பதால் சாதாரணச் சுருக்கும் முறைகளுக்கு அது மசியாது. வீயில் இன்னொரு தொல்லையும் உண்டு. பார்ட்டிஷன் முழுக்க ஏஇஎஸ் 128 பிட்டில் என்கிரிப்ட் ஆகியிருக்கும். என்கிரிப்ட் ஆன டேட்டாவும் சுருங்காது. ஒரு வீ ஐஎஸ்ஓவை 7இசட் போட்டுவிட்டு "ஏன் குறையவே இல்லை" என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் இதுதான்.

ஆக, இந்த ஜங்க்கையும் என்கிரிப்ஷனையும் ஒரு ஃபார்மட் எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

ஐஎஸ்ஓவும் ஜிசிஎம்மும் ஒன்றே, பெயர்தான் வேறு. டிஸ்க்கில் இருந்தபடி பைட்டுக்குப் பைட். ஜிசிஇசட் டால்பினின் பழைய சுருக்க ஃபார்மட். கேம்க்யூப்புக்குப் பரவாயில்லை, ஆனால் வீ டேட்டாவை அது டிகிரிப்ட் செய்யாமல் அப்படியே சுருக்கப் பார்ப்பதால், ஜங்க்கை அழித்தால் ஒழிய ஒன்றும் மிச்சமாகாது. டபிள்யூபிஎஃப்எஸ் பயன்படாத பிளாக்குகளைத் தூக்கி எறிந்துவிடும். என்கிட் ஜங்க்கை எடுத்துவிட்டு, கேம்க்யூப் இமேஜில் ஃபைல்களையும் இடம் மாற்றி நெருக்கி அடுக்கும்.

ஆர்விஇசட் 2020இல் டால்பினுக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த டபிள்யூஐஏ ஃபார்மட்டின் மேல் கட்டியது. வீ டேட்டாவை டிகிரிப்ட் செய்து, திரும்பக் கணக்கிடக்கூடிய ஹாஷ்களை (டேட்டா சரியா என்று பார்க்க உதவும் எண்களை) எடுத்துவிட்டு, அப்புறம்தான் சுருக்குகிறது. ஜங்க்கைச் சேமிப்பதே இல்லை. அதை உருவாக்கிய கணக்கின் தொடக்க எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது. கேம் அந்த இடத்தைப் படிக்கக் கேட்டால், அதே ஜங்க்கை அங்கேயே உருவாக்கித் தரும்.

இதை ஐஎஸ்ஓவாகத் திரும்ப மாற்றினால் முதலில் இருந்த ஐஎஸ்ஓ ஒரு பிட் பிசகாமல் வரும். இந்தப் பட்டியலில் அளவும் நன்றாகக் குறைந்து, முழுசாகத் திரும்பி வரவும் முடிகிற ஃபார்மட் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

#4 வட்டுப்பெட்டி

தெளிவாக இருந்தது, நன்றி. ஒரு சந்தேகம். ஜங்க் என்று பெயரே வைத்தாகிவிட்டது. கேம் அதைப் படிக்கப் போவதும் இல்லை. பிறகு அதைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?

#5 ஹெக்ஸ்கண்

நியாயமான கேள்விதான். மூன்று இடத்தில் அது உதைக்கும்.

ஒன்று, சரிபார்ப்பு. டம்ப் நல்லதா கெட்டதா என்று பார்க்க நல்ல டம்ப்களின் விவரத்தைப் பதிந்து வைத்திருக்கும் ரீடம்ப் தளத்தில் இருக்கும் செக்சம்மோடு (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) ஒப்பிடுகிறோம். அந்த செக்சம் முழு டிஸ்க்குக்கானது, ஜங்க்கையும் சேர்த்து. வீ டிஸ்க்கிலாவது ஒவ்வொரு 32 கேபி பிளாக்கிலும் 1 கேபி ஹாஷ் இருக்கிறது, அதை வைத்து டேட்டா கெட்டுப்போயிருக்கிறதா என்று டால்பின் தானாகவே கண்டுபிடித்துவிடும். கேம்க்யூப்பில் அப்படி எதுவும் இல்லை. ஜங்க்கை அழித்துவிட்டால், கடைசி லெவலில் ஒரு டெக்ஸ்சர் பாழாகியிருப்பதை அங்கே போய் மாட்டிக்கொள்ளும்போதுதான் தெரிந்துகொள்வீர்கள்.

இரண்டு, நெட்ப்ளே, அதாவது இணையம் வழியாகச் சேர்ந்து விளையாடுவது. இருவரிடமும் ஒரே டேட்டா இருக்க வேண்டும். ஒருவர் ஐஎஸ்ஓ, இன்னொருவர் ஆர்விஇசட் என்றால் பிரச்சினையே இல்லை, டால்பின் உள்ளடக்கத்தைத்தான் ஒப்பிடுகிறது. என்கிட் என்றால் ஃபைல்களே வேறு இடத்தில் இருக்கும். டிஸ்க் படிக்கும் நேரம் மாறும். அதனால்தான் என்கிட் கேமைத் திறக்கும்போது டால்பின் ஒரு எச்சரிக்கை காட்டுகிறது. பலர் அதைப் படிக்காமலேயே "மீண்டும் காட்டாதே" கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

மூன்று, மாட், அதாவது ரசிகர்கள் கேமில் செய்யும் மாற்றங்கள். எக்ஸ்டெல்டா மாதிரி பேட்ச்கள் "இந்த செக்சம் உள்ள ஐஎஸ்ஓவின் மேல்தான் போடுவேன்" என்று அடம்பிடிக்கும். டபிள்யூபிஎஃப்எஸ் மட்டும் இருப்பவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆர்விஇசட்டிலும் நேராகப் பேட்ச் போட முடியாது. ஆனால் ஐஎஸ்ஓவாக மாற்றி, போட்டுவிட்டு, திரும்ப ஆர்விஇசட் ஆக்கலாம். ரிவொல்யூஷன் வகை மாட்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, எந்த ஃபார்மட்டானாலும் டால்பின் மேலே ஏற்றி ஓட்டிவிடும்.

#6 யூஎஸ்பிக்காரன்

எல்லோரும் டபிள்யூபிஎஃப்எஸ்ஸை வில்லன் ஆக்குகிறீர்கள். அது எமுலேட்டருக்காகப் பிறந்ததே இல்லை. நிஜ வீ கன்சோலில் யூஎஸ்பி டிரைவிலிருந்து ஓட்டுவதற்காக வந்தது. ஃபேட்32 டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. வீ ஐஎஸ்ஓ அதைத் தாண்டிவிடும். டபிள்யூபிஎஃப்எஸ்ஸில் காலி இடம் போய்விடுகிறது, அப்படியும் பெரிதாக இருந்தால் இரண்டாக வெட்டி வைக்கலாம். நான் டிவியில் நிஜக் கன்சோலிலும் விளையாடுகிறேன், லேப்டாப்பில் டால்பினிலும் விளையாடுகிறேன். இரண்டிலும் ஒரே ஃபைல் ஓடுகிறது. உங்கள் ஆர்விஇசட்டை வீயில் போட்டுப் பாருங்கள், கண்ணெடுத்தும் பார்க்காது.

#7 பைட்பைத்தியம்

தலைவா, ஒத்துக்கொள்கிறேன். கன்சோலுக்கு டபிள்யூபிஎஃப்எஸ்தான் வசதி. நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஆர்விஇசட்டிலிருந்து வேண்டும்போது டபிள்யூபிஎஃப்எஸ் செய்துகொள்ளலாம் (முதலில் ஐஎஸ்ஓ, பிறகு அதற்கான டூல்). டபிள்யூபிஎஃப்எஸ்ஸிலிருந்து பழைய ஐஎஸ்ஓவுக்குப் போவதுதான் கஷ்டம். யூஎஸ்பி டிரைவில் இருப்பது ஓட்டுவதற்கான பிரதி, ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது மூலம். இரண்டும் ஒரே ஃபைலாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

#8 யூஎஸ்பிக்காரன்

இடம் இருப்பவர்கள் அப்படிப் பேசலாம். சரி, சண்டை வேண்டாம்.

#9 புதுவரவு_பூனை

அக்கா, அண்ணன்மார்களே, ஒரு சின்னக் கேள்வி. என் ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) கேமை ஜிப்பிலேயே வைத்து அதற்கான எமுலேட்டரில் விளையாடுகிறேன். டால்பின் மட்டும் ஏன் ஜிப்பையும் 7இசட்டையும் தொட மாட்டேன் என்கிறது?

#10 ஹெக்ஸ்கண்

ஜிபிஏ கேம் அதிகபட்சமே 32 எம்பி. எமுலேட்டர் ஜிப்பைப் பிரித்து, மொத்தத்தையும் ரேமில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கும். டிஸ்க் கேம் அப்படி இல்லை. இப்போது தொடக்கத்தில் ஒரு துண்டு, அடுத்த நொடி 3 ஜிபி தள்ளி ஒரு துண்டு என்று தாவித் தாவிப் படிக்கும். ஜிப்புக்குள் 3 ஜிபி தள்ளி இருப்பதைப் படிக்க, அதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் பிரித்துக்கொண்டே வர வேண்டும்.

ஆர்விஇசட், ஜிசிஇசட் எல்லாம் டேட்டாவைச் சின்னச் சின்ன பிளாக்குகளாக வெட்டித் தனித்தனியே சுருக்கி, எந்த பிளாக் எங்கே என்று ஒரு அட்டவணையும் வைத்திருக்கும். வேண்டிய பிளாக்கை மட்டும் பிரித்தால் போதும். பிஎஸ்பியின் சிஎஸ்ஓ, ஆர்கேட் எமுலேட்டரான மேம் குழுவின் சிஎச்டி எல்லாமே இதே யோசனைதான். ஃபார்மட் பெயர்கள் நூறு இருந்தாலும் அடிப்படை இவ்வளவே.

#11 வட்டுப்பெட்டி

மாற்ற ஆரம்பித்துவிட்டேன். டால்பின் பட்டியலில் கேம்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வலது கிளிக், "கன்வெர்ட்". இவ்வளவு சுலபமா! ஆனால் ஒரு ஃபைல் குழப்புகிறது. பெயரில் ஐஎஸ்ஓ என்றுதான் இருக்கிறது, வீ கேம். அளவோ 1 ஜிபி சொச்சம்தான். நீங்கள் சொன்ன 4,699,979,776க்குப் பக்கத்திலேயே இல்லை. டால்பினில் ஓடுகிறது, இன்னொரு டூலில் போட்டால் "இது செல்லாத இமேஜ்" என்கிறது.

#12 ஹெக்ஸ்கண்

ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். நிஜமான ஐஎஸ்ஓ என்றால் முதல் ஆறு எழுத்தும் கேமின் அடையாளம். உதாரணத்துக்கு, அமெரிக்கப் பதிப்பு ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்றால் "ஜிஏஎல்இ01" என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். முதல் எழுத்து ஜி என்றால் கேம்க்யூப், வீ கேம்களில் பெரும்பாலும் ஆர் அல்லது எஸ். நான்காவது எழுத்து நாடு: இ அமெரிக்கா, பி ஐரோப்பா, ஜே ஜப்பான். கடைசி இரண்டு வெளியிட்ட நிறுவனம், 01 என்றால் நின்டெண்டோவே.

அதற்குப் பதிலாக அங்கே டபிள்யூபிஎஃப்எஸ் என்ற நான்கு எழுத்து இருந்தால், யாரோ வாலை மட்டும் ஐஎஸ்ஓ என்று மாற்றியிருக்கிறார்கள். டால்பின் ஃபைல் பெயரின் வாலைப் பார்த்து முடிவு செய்யாது, உள்ளே இருக்கும் இந்தக் குறியைத்தான் பார்க்கும். அதனால் அங்கே ஓடிவிடும். மற்ற டூல்களில் பாதி வாலை நம்பி ஏமாறும்.

சிஐஎஸ்ஓ என்று தொடங்கினால் இன்னும் வேடிக்கை. கேம்க்யூப், வீ பக்கம் அது காலி பிளாக்குகளை மட்டும் விட்டுவிடும் ஃபார்மட், சுருக்கமே கிடையாது. பிஎஸ்பி பக்கம் சிஎஸ்ஓ நிஜமாகவே சுருக்கும் ஃபார்மட். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனால் இரண்டின் முதல் நான்கு பைட்டும் ஒரே எழுத்துகள்! யார் யாரைப் பார்த்து வைத்தார்களோ.

#13 ரெட்ரோராஜாளி

இந்த வால் குழப்பம் நின்டெண்டோ 64 (என்64) கேம்களில் இன்னும் மோசம். அதில் ஃபைல் மொத்தமும் ஒன்றே, பைட் வரிசை மட்டும் மூன்று விதம். இசட்64 என்றால் 80 37 12 40 என்று தொடங்கும். வி64 என்றால் இரண்டிரண்டாக இடம் மாறி 37 80 40 12. என்64 வால் என்றால் முழுசாகத் திருப்பி 40 12 37 80. நல்ல எமுலேட்டர் இந்த நான்கு பைட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். பேட்ச் டூல் செய்யாது. சூப்பர் நின்டெண்டோவில் எஸ்எம்சி ஃபைல்கள் சிலவற்றின் தலையில் பழைய காப்பியர் கருவி ஒட்டிய 512 பைட் ஹெடர் இருக்கும். ஃபைல் அளவை 1024ஆல் வகுத்து மீதி 512 வந்தால் ஹெடர் இருக்கிறது. இது தெரியாமல் பேட்ச் போட்டு கேமைக் கெடுத்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர்.

சரி, இழை டால்பினைப் பற்றியது, நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

#14 வட்டுப்பெட்டி

பார்த்தேன். டபிள்யூபிஎஃப்எஸ்தான்! அப்படியானால் இந்த மாதிரி ஃபைல்களை ஆர்விஇசட் ஆக்கினால் போன ஜங்க் திரும்ப வந்துவிடுமா?

#15 பைட்பைத்தியம்

வராது. ஆர்விஇசட் கொடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், இல்லாததைக் கொண்டுவராது. வெட்டப்பட்ட இமேஜ் உள்ளே போனால் வெட்டப்பட்டதுதான் வெளியே வரும். என்கிட்டும் அப்படியே. நேராக ஆர்விஇசட் ஆக்கினால் உள்ளே என்கிட்டாகவேதான் இருக்கும்.

வழி இருக்கிறது. ஜங்க் ஒரு கணக்கில் பிறந்தது என்பதால், என்கிட் டூலே அதைத் திரும்ப உருவாக்கி முழு ஐஎஸ்ஓ தரப் பார்க்கும். பல கேம்களில் இது பலிக்கும். அப்டேட் பார்ட்டிஷனையும் சேர்த்து வெட்டியிருந்தால், அந்தப் பார்ட்டிஷன் தனியே கையில் இல்லாமல் வேலை நடக்காது. முதலில் இதைச் செய்து, ரீடம்ப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ஆர்விஇசட் ஆக்குங்கள்.

ஆனால் டிஸ்க்கே உங்களிடம் இருக்கிறதே! ஹோம்ப்ரூ (ரசிகர்கள் எழுதிய புரோகிராம்கள்) போட்ட வீ இருந்தால் க்ளீன்ரிப் என்ற டூலை வைத்துத் திரும்ப எடுத்துவிடுங்கள். சாதாரண டிவிடி டிரைவ் இந்த டிஸ்க்குகளைப் படிக்காது, பழைய எல்ஜி டிரைவ்களில் சில மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. ஃபேட்32 டிரைவில் எடுத்தால் வீ டம்ப் துண்டு துண்டாக வரும், வரிசை மாறாமல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

#16 வட்டுப்பெட்டி

சரி, வெட்டுப்பட்டது எல்லாவற்றையும் மறுபடி எடுத்துவிடுகிறேன். கன்வெர்ட் விண்டோவில் சுருக்க முறை, லெவல், பிளாக் அளவு என்று கேட்கிறதே, எதை வைப்பது? லெவலை உச்சத்துக்கு ஏற்றலாமா?

#17 பைட்பைத்தியம்

இருப்பதை அப்படியே விடுங்கள்: இசட்ஸ்டாண்டர்ட், லெவல் 5, பிளாக் 128 கேபி. எல்இசட்எம்ஏ போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும், ஆனால் பிரிக்கும் வேகம் அடிவாங்கும். பழைய போனில் விளையாடினால் அங்கங்கே திக்கும். இசட்ஸ்டாண்டர்டில் லெவலை ஏற்றினால் மாற்றும் நேரம்தான் எகிறும், விளையாடும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. பிளாக் அளவைக் கூட்டினால் ஃபைல் சிறிது சுருங்கும், ஆனால் ஒவ்வொரு சின்னப் படிப்புக்கும் ஒரு பெரிய பிளாக்கையே பிரிக்க வேண்டிவரும்.

ஒன்று மட்டும் கவனம். அதே விண்டோவில் ஜங்க் டேட்டாவை நீக்கு என்று ஒரு டிக் பெட்டி வரும், பக்கத்திலேயே திரும்பப் பெற முடியாது என்றும் போட்டிருக்கும். ஆர்விஇசட்டுக்கு அது தேவையே இல்லை. ஜிசிஇசட்டில் வீ கேமைச் சுருக்குகிறவர்களுக்குத்தான் அந்த வழி.

#18 புதுவரவு_பூனை

நானும் ஒரு கேமை ஆர்விஇசட் ஆக்கினேன். லேப்டாப்பில் ஓடுகிறது. வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டால் டால்பின் பட்டியலிலேயே காணோம்!

#19 சும்மாவந்தவன்

அதில் இருப்பது டால்பின் 5.0ஆ? அது 2016இல் வந்தது, ஆர்விஇசட் அதற்கு நான்கு வருடம் கழித்துப் பிறந்தது. 2024 ஜூலையில் வந்த 2407 பதிப்போ அதற்குப் பிந்தையதோ போடுங்கள், வந்துவிடும். பார்த்தீர்களா, பதக்கம் இல்லாவிட்டாலும் எனக்கும் ஏதோ தெரிகிறது.

#20 புதுவரவு_பூனை

வந்துவிட்டது, நன்றி அண்ணா!! டால்பின் பட்டியலில் வாட், டிஓஎல் என்று ஏதேதோ ஃபைல்களும் எடுக்கும் என்கிறார்களே, அவற்றையும் ஆர்விஇசட் ஆக்கலாமா?

#21 ஹெக்ஸ்கண்

அவை டிஸ்க் இமேஜே இல்லை. வாட் என்பது வீயின் உள்மெமரியில் நிறுவும் வீவேர், வர்ச்சுவல் கன்சோல் பொதிகள். டிஓஎல், இஎல்எஃப் இரண்டும் தனி புரோகிராம்கள், பெரும்பாலும் ஹோம்ப்ரூ. டிஜிசி என்று ஒன்றைப் பார்த்தால் அது டெமோ டிஸ்க்குக்குள் பொதிந்திருக்கும் குட்டி கேம்க்யூப் இமேஜ். இருக்கிறபடியே விட்டுவிடுங்கள்.

#22 வட்டுப்பெட்டி

கேம்க்யூப் பக்கம் எல்லாம் முடிந்தது. ப்ராப்பர்டீஸில் வெரிஃபை கொடுத்து ரீடம்ப் பெட்டியையும் டிக் செய்து பார்த்தேன், மறுபடி எடுத்தவை அத்தனையும் நல்ல டம்ப் என்று காட்டுகிறது. இதையும் கேட்டுவிடுகிறேன். ரெசிடென்ட் ஈவில் 4 இரண்டு டிஸ்க். ஃபைல் பெயர்களை நான் அப்போது ஒழுங்காக வைக்கவில்லை, எது முதல் டிஸ்க் என்றே தெரியவில்லை. நடுவில் டிஸ்க் மாற்றச் சொன்னால் என்ன செய்வது?

#23 ஹெக்ஸ்கண்

ஐஎஸ்ஓவாக இருந்தபோது ஹெக்ஸில் பார்த்த அந்த ஆறு எழுத்துக்கு அடுத்த ஏழாவது பைட்தான் டிஸ்க் எண். 00 என்றால் முதல் டிஸ்க், 01 என்றால் இரண்டாவது. இப்போது ஆர்விஇசட் என்பதால் ஹெக்ஸில் தேட வேண்டாம், டால்பினே கேம் பட்டியலில் டிஸ்க் 2 என்று பெயருக்குப் பக்கத்தில் காட்டும்.

பிறகு நோட்பேடில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் திறந்து, முதல் வரியில் டிஸ்க் ஒன்றின் ஃபைல் பெயர், இரண்டாம் வரியில் டிஸ்க் இரண்டின் ஃபைல் பெயர் எழுதி, எம்3யூ என்ற வாலோடு அதே ஃபோல்டரில் சேமியுங்கள். கேமை அந்த எம்3யூ வழியாகத் திறங்கள். செட்டிங்ஸில் டிஸ்க்கைத் தானாக மாற்று என்பதை ஆன் செய்துவிட்டால், கேம் கேட்கும்போது டால்பினே மாற்றிக்கொள்ளும்.

#24 வட்டுப்பெட்டி

எம்3யூ வேலை செய்கிறது. வீ டிஸ்க்குகள் இன்னும் ஒரு பெட்டி பாக்கி, க்ளீன்ரிப் ஓடிக்கொண்டிருக்கிறது. யூஎஸ்பிக்காரன் அண்ணா, கன்சோலுக்கு டபிள்யூபிஎஃப்எஸ் வெட்ட நீங்கள் எந்த டூல் பயன்படுத்துகிறீர்கள்?

#25 யூஎஸ்பிக்காரன்

சுற்றிச் சுற்றி எல்லோரும் கடைசியில் என்னிடம்தான் வருவீர்கள் என்று தெரியும். :) விம்ஸ் ஐஎஸ்ஓ டூல்ஸ். கமாண்ட் லைன்தான், பயப்பட வேண்டாம். ஐஎஸ்ஓவைக் கொடுத்து டபிள்யூபிஎஃப்எஸ் கேட்டால் போதும், வெட்டச் சொன்னால் 4 ஜிபிக்குள் வெட்டியும் தரும். ஃபைல் பெயரில் அந்த ஆறு எழுத்து அடையாளத்தையே வையுங்கள், லோடர்கள் (கன்சோலில் கேமை ஏற்றும் புரோகிராம்கள்) அதைத்தான் தேடும்.